பழைய படகும் பேசாத உண்மையும்

சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். இப்போது பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தையும் தம்பியும் இன்றும் கடலுக்குச் செல்பவர்கள். அவர்களிடமிருந்த கண்ணாடியிழைப் படகு இனிப் பழுதுபார்த்துப் பயனில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டதால், பக்கத்து மாவட்டத்தில் விற்பனைக்கு வந்திருந்த பழைய படகு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். விற்பனை ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவந்து, ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டார்.

ஒப்பந்தத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. "படகை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டேன். "அப்பா பார்த்தார் சார். தண்ணீரில் நின்றது. எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகவே ஓடியது" என்றார். "கரையில் ஏற்றி, அடிப்பாகத்தைப் பார்த்தீர்களா?" என்றதற்குப் பதில் இல்லை. பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் படகு கட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று காட்டுமாறு சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் அழைத்துச் சென்றவர், சுத்தியலின் மரக்கைப்பிடியால் படகெங்கும் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எஞ்சினைத் தாங்கும் பின்பலகை அருகே வந்ததும் ஓசை மாறியிருக்கிறது. ஒரு திருகாணியைக் கழற்றியபோது துளை வழியே கறுப்புத் தண்ணீர் வழிந்தது. கண்ணாடியிழை உறைக்குள் இருந்த மரம் உளுத்துப்போயிருந்தது. வெளியே புதிதாய்ப் பூசிய வண்ணம் பளபளத்தது. விற்பவரைக் கேட்டபோது, "பலகை கொஞ்சம் ஈரம் வாங்கும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் கேட்கவில்லையே" என்று சொல்லியிருக்கிறார்.

பேச்சுவார்த்தைக்குப் பின் முன்பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அதே படகுக்கு வேறொருவர் விலை பேசுவதாகத் தெரியவந்தது. மாணவர் மறுபடி தொலைபேசியில் அழைத்தார். இம்முறை அவருடைய கேள்வி வேறு: "நாங்கள் வாங்கவில்லை சார். புதிதாக வாங்குபவரிடம் இதைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமையா?" முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான விடையைத் தேடும் முயற்சி.

பழைய பொருள்களின் சந்தையைப் பற்றிப் பொருளியலாளர்கள் தீவிரமாகச் சிந்திக்கத் தொடங்கியது ஜார்ஜ் அகர்லாஃபின் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரை 1970-இல் வெளிவந்தது. 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவராக அவர் ஆனதற்கு அடிப்படையும் அதுவே. அந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்த நிறுவனங்களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஒன்று என்பது நாம் அதிகம் அறியாத செய்தி.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். நாம் படகையே எடுத்துக்கொள்வோம். ஒரு துறைமுகத்தில் விற்பனைக்கு வரும் படகுகளில் பாதி நல்லவை, ஆறு லட்சம் ரூபாய் பெறும். மீதிப் பாதி பழுதானவை, இரண்டு லட்சம்தான் பெறும். எது எந்த வகை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. விவரம் தெரியாதவர் சராசரியாகக் கணக்கிட்டு நான்கு லட்சம் தரத் தயாராக இருப்பார். ஆறு லட்சம் பெறும் படகை நான்கு லட்சத்துக்குக் கொடுக்க யார் முன்வருவார்? நல்ல படகின் உரிமையாளர் சந்தையிலிருந்து விலகிவிடுவார். எஞ்சுபவை பழுதான படகுகள் மட்டுமே. இதைப் புரிந்துகொண்டதும் வாங்குபவர் இரண்டு லட்சத்துக்கு மேல் பேசமாட்டார். ஆக, ஒரு சிலரின் மௌனம் அவர்களிடம் வாங்கியவர்களை மட்டும் பாதிப்பதில்லை. நேர்மையான விற்பனையாளருக்கும் உரிய விலை கிடைக்காமல் செய்துவிடுகிறது.

கடற்கரைக் கிராமங்களில் இந்தச் சிக்கலுக்கு ஓர் இயல்பான மருந்து உண்டு. அதுதான் ஊரறிவு. எந்தப் படகு எந்தப் புயலில் கரை மோதியது, எந்த எஞ்சின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குள் நடக்கும் விற்பனையில் பொய் சொல்பவர் மறுநாள் அதே கரையில் முகம் கொடுத்தாக வேண்டும். ஆனால் படகு மாவட்ட எல்லையைத் தாண்டும்போது அதன் வரலாறு கூடவே வருவதில்லை, புது வண்ணம்தான் வருகிறது. எனவே தொலைவிலிருந்து வாங்கும்போது ஊரறிவுக்கு ஈடாக நாமே செய்துகொள்ள வேண்டிய ஆய்வு கூடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், தரம் குறித்துப் பொதுவான உத்தரவாதம் எதையும் விற்பவர் மீது சுமத்துவதில்லை. வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. வாங்குபவர் தமது தேவையைச் சொல்லி, அப்பொருளையே தொழிலாக விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது விதிவிலக்கு உண்டு. ஒரு மீனவர் இன்னொரு மீனவருக்குத் தம் படகை விற்கும்போது அந்த விதிவிலக்கு பெரும்பாலும் உதவாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைவிடச் சுவையானது. அதன் 17-ஆவது பிரிவு, தெரிந்த உண்மையைத் திட்டமிட்டு மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்றும் சொல்கிறது. இதை விளக்க ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் நோயைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடியன்று. வாங்குவது அப்போதுதான் பருவம் எய்திய அவருடைய மகளாக இருந்தால், சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் விற்பவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்றாவது உதாரணம் பழைய படகு வாங்கும் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கிடைத்த சட்ட ஆலோசனை. கேட்க வேண்டும், நேரடியாகக் கேட்க வேண்டும், இயன்றால் எழுத்தில் கேட்க வேண்டும். "பின்பலகை மாற்றியதுண்டா? தண்ணீர் எங்காவது கசிகிறதா? படகு எப்போதாவது கவிழ்ந்ததா? எஞ்சினுக்குள் கடல்நீர் புகுந்ததா?" இவற்றுக்குப் பொய்யான பதில் வந்தால், அது மௌனத்தின் பாதுகாப்பை இழந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு இன்னோர் எச்சரிக்கையையும் தருகிறது. மோசடிக்கு ஒப்பான மௌனத்தால் ஏமாந்தவராக இருந்தாலும், சாதாரண முயற்சியில் உண்மையைக் கண்டறியும் வாய்ப்பு இருந்திருந்தால், அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோர முடியாது. சோம்பலுக்குச் சட்டம் துணை வராது.

அந்தச் 'சாதாரண முயற்சி' என்பது எது? படகை முதலில் கரையேற்றிப் பார்ப்பது. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுவதும், மீன்வளத் துறையினர் அவற்றை ஆய்வு செய்வதும் அப்போதுதான். விசைப்படகின் அடிப்பாகத்தைப் பார்க்க அதைவிடச் சிறந்த காலம் இல்லை. வண்ணம் பூசுவதற்கு முன் பார்ப்பது நல்லது. மரப்படகானால் கப்பல்புழு துளைத்த தடமும் துருப்பிடித்த ஆணிகளும், இரும்புப் படகானால் தகட்டின் அரிப்பும், கண்ணாடியிழைப் படகானால் கொப்புளங்களும் அடுக்குப் பிரிந்த இடங்களும் கவனிக்க வேண்டியவை. தட்டும்போது கணீரென்று வரவேண்டிய ஓசை மந்தமாக வந்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நாம் போய்ச் சேரும்போது அது சூடாக இருந்தால் எச்சரிக்கை தேவை. குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுவதை மறைக்க, முன்கூட்டியே ஓட்டி வைப்பது பழைய தந்திரம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. கரையில் ஓடும் எஞ்சினை மட்டும் நம்பாமல், சுமையோடு கடலில் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக் காட்சி ஜோடிப்பது இன்று நேற்றைய வழக்கமன்று. ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44-இல் கடமைகள் குறித்து எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். சிராகூசில் கடலோரத் தோட்டம் வாங்க விரும்பிய ஒருவரை, பித்தியஸ் என்ற வட்டிக்கடைக்காரர் விருந்துக்கு அழைக்கிறார். தோட்டத்துக்கு எதிரே ஏராளமான மீன்பிடிப் படகுகள், மீனவர்கள் மீனைக் கொண்டுவந்து காலடியில் குவிக்கிறார்கள். மயங்கிப்போன விருந்தாளி, கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்குகிறார். மறுநாள் ஒரு படகும் இல்லை. மீனவர்களுக்கு இன்று விடுமுறையா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டால், இங்கே எவரும் மீன்பிடிப்பதே இல்லை, நேற்று என்ன நடந்தது என்றுதான் எனக்கும் வியப்பாக இருந்தது என்கிறார் அவர். பக்கத்து வீட்டாரை ஒருநாள் முன்னதாகக் கேட்டிருந்தால் தோட்டம் வாங்கியவர் தப்பியிருப்பார். முன்னாய்வு என்பதன் சாரம் இதில் அடங்கியிருக்கிறது.

மரத்தையும் எஞ்சினையும் போலவே ஆவணங்களுக்குள்ளும் உளுப்பு இருக்கலாம். தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்கு விற்க முடியாது என்பது சட்டத்தின் பொதுவிதி. 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்த பிறகு, படகுகளின் பதிவும் அடையாளமும் கடுமையாக்கப்பட்டன. பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் படகில் இருப்பவற்றோடு பொருந்துகின்றனவா, மீன்பிடி உரிமம் நடப்பில் உள்ளதா, வங்கிக் கடன் தீர்ந்ததா, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வழக்கு நிலுவையில் உள்ளதா என்பவற்றை மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பணம் கைமாறிய பின்னும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது இரு தரப்புக்கும் ஆபத்து. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் உள்ள பழைய உரிமையாளரைத் தேடி வருவார்கள். இழப்பீடு என்று வந்தால் புதிய உரிமையாளரால் தம் உரிமையை நிறுவ முடியாது.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கடன் ஒன்றும் உண்டு. பல படகு உரிமையாளர்கள் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்கு ஈடாக, பிடித்துவரும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் கழிவோடு கொடுக்க வேண்டும். கூடவே, உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிய கடல் தொழிலாளர்களின் கணக்கும் இருக்கும். படகை வாங்குபவர் இவற்றை விசாரிக்காவிட்டால், முதல் மீன்பாட்டைக் கரையிறக்கும் நாளில்தான் கடன்காரர் யார் என்பது தெரியவரும். எழுத்தில் இல்லை என்பதால் அந்தக் கடன் பொய்யாகிவிடாது. அதை யார் தீர்ப்பது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்வதுதான் முறை.

உரிமை சட்டப்படி சரியாக இருந்தும் மனம் ஒப்பாத சூழலும் வரலாம். 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு, தான் பறிமுதல் செய்து வைத்திருந்த இந்திய மீனவர்களின் படகுகளை ஏலம் விட்டது. அந்நாட்டுச் சட்டப்படி ஏலத்தில் எடுத்தவருக்கு உரிமை உண்டு. இந்திய இழுவைப் படகுகளால் வலைகளையும் மீன்வளத்தையும் இழந்த வடக்கிலங்கைத் தமிழ் மீனவரின் மனத்தாங்கலும் நியாயமானதே. ஆயினும் கடன்பட்டு வாங்கிய படகை இழந்து நிற்கும் ஒரு குடும்பம் மறுகரையில் இருப்பதை, ஏலம் கேட்பவர் நினைக்காமல் இருக்க முடியுமா? இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஒரு பொருள் எப்படிச் சந்தைக்கு வந்தது என்ற கேள்வி, அதன் விலை நியாயமா என்ற கேள்வியிலிருந்து வேறானது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இதுவரை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்றே பேசினோம். சில நேரம் நிலைமை தலைகீழாகும். கணவரைக் கடலில் பறிகொடுத்த பெண் படகை விற்க வருகிறார். ஓடாமல் கிடக்கும் எஞ்சின் ஒவ்வொரு மாதமும் மதிப்பிழக்கிறது, வட்டி ஏறுகிறது. எஞ்சினில் பெரிய பழுது இல்லை, சிறு பாகம் ஒன்றை மாற்றினால் போதும் என்பது வாங்க வந்தவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உழைத்துப் பெற்ற தொழிலறிவுக்குப் பலன் வேண்டும், இல்லையென்றால் அந்த அறிவை யாரும் தேடமாட்டார்கள் என்று பொருளியல் வாதாடும். அதில் உண்மை உண்டு. ஆனால் அறிவுக்குக் கிடைக்கும் கூலியும் அவலத்திலிருந்து பறிக்கும் லாபமும் ஒன்றாகா. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வணிகம் என்ற கருத்தை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்த விலையையும் அதற்கான காரணத்தையும் ஊர் அறியச் சொல்ல முடியுமா என்று வாங்குபவர் தம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பழைய மிதிவண்டியையோ மேசையையோ வாங்குபவர் ஏமாந்தால், நட்டம் அவருடையது. படகில் அப்படியன்று. பணம் கொடுப்பவர் ஒருவர், அதில் ஏறிப் போகிறவர்கள் நான்கைந்து பேர். பங்கு முறையில் உழைக்கும் அந்தத் தொழிலாளர்கள் விற்பனைப் பேச்சில் இடம்பெறுவதில்லை, விலையில் அவர்களுக்குப் பங்கில்லை. பின்பலகை நடுக்கடலில் பிளந்தால் உயிரைக் கொடுப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர்மேல் விழும் சுமையைப் பொருளியல் புறவிளைவு என்ற சொல்லால் குறிக்கிறது. இங்கே அந்தச் சுமை மனித உயிர். அதனால்தான், 'அவரவர் சாமர்த்தியம்' என்ற வணிகச் சமாதானம் படகு விஷயத்தில் செல்லாது என்ற முடிவுக்கு வந்தேன். சொல்ல வேண்டும் என்றே மாணவரிடம் சொன்னேன்.

அவருடைய தந்தைக்குத் தயக்கம் இருந்தது. "அவன் பொழப்பைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குப்பா?" என்றாராம். இரண்டு நாள் யோசித்து, அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக வாங்குபவரிடம் போகாமல், விற்பவரிடம் போனார். "நீயே சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். கடலுக்குப் போகிற பிள்ளைகள் விஷயம்" என்று சொல்லிவிட்டு வந்தார். பின்பலகை மாற்றப்பட்டது, அதன்பிறகே படகு கைமாறியது. செலவு போக, விற்பவருக்கு அவர் எதிர்பார்த்த தொகை கிடைக்கவில்லை. அவர் இன்றுவரை மாணவரின் தந்தையோடு பேசுவதில்லை. அறத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைச் சிலசமயம் தவறு செய்யாதவரே கொடுக்க நேர்கிறது.

ஒவ்வொரு முறையும் அந்த விலையை ஒரு தனிமனிதர் சுமக்க வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றின் தரக்குறைவு, நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை நமக்குக் கற்பித்தது. அரசு செய்யக்கூடியவை மூன்று. மீன்வளத் துறையின் ஆய்வு, பதிவெண்ணைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல் படகின் உடல்நிலையையும் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பை, படகு வாங்க விரும்புபவர் பார்க்க வழிசெய்ய வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பயிற்சி பெற்ற படகு ஆய்வாளர்கள் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வேண்டும். நிலம் வாங்குபவருக்கு வில்லங்கச் சான்று இருக்கிறது. உயிரை ஏற்றிச் செல்லும் படகுக்கும் அப்படி ஒன்று இருப்பது நியாயம்தானே?

அதுவரை, பழைய படகு வாங்கச் செல்பவர்கள் இரண்டு பேரை உடன் அழைத்துச் செல்லட்டும். ஒருவர் படகு கட்டத் தெரிந்தவர். மற்றவர் நாளை அந்தப் படகில் ஏறிக் கடலுக்குப் போகப்போகிறவர்.